ஸ்பீக்கரை மாத்த முதல் அறையைக் கேளுங்கோ

"மச்சான், இதைவிடப் பெரிய செட் ஒண்டு எடுத்தால்தான் பேஸ் சரியா வரும்." களுபோவிலயில் ஒரு அனெக்ஸில் வாடகைக்கு இருக்கிற நண்பன் சொன்னது இது. அவனிடம் இருப்பதே நல்ல சோடிதான். ஆனால் பாட்டுப் போட்டால் ஒன்றிரண்டு பேஸ் ஸ்வரங்கள் ஜன்னல் அதிர முழங்கும், மற்றதெல்லாம் எங்கே போனதென்று தெரியாது. கடையில் சொன்ன தீர்வு: விலை கூடின சோடி, மாதத் தவணைக்கு.

2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 அளவுக்கு ஏறினதைப் பார்த்த எங்களுக்கு, இறக்குமதிச் சாமான் ஒன்றுக்குக் கடன்படச் சொல்வது சின்ன விஷயமில்லை. அதுவும் பிழை ஸ்பீக்கரில் இல்லாதபோது.

பிழை அறையில். கணக்கு பள்ளிக்கூடத்துக் கணக்குத்தான். ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 343 மீற்றர் போகும். அவனுடைய அறை 12 அடி நீளம், அதாவது 3.66 மீற்றர். நீளத்தின் இரண்டு மடங்கால் 343ஐப் பிரித்தால் 47 ஹேட்ஸ். 10 அடி அகலத்துக்கு 56. இந்த இரண்டு இடத்திலும் அலை சுவருக்குச் சுவர் மோதித் தன்னோடேயே சேர்ந்து வீங்கும். பேஸ் கிட்டாரின் 55 ஹேட்ஸ் ஸ்வரம் அதுக்குள்ளேதான் மாட்டுப்படுகிறது. ஐந்து லட்சத்துக்கு ஸ்பீக்கர் வாங்கினாலும் அதே சுவர், அதே 47.

டிஜிட்டல் ரூம் கரெக்‌ஷன் செய்வது இதைத்தான் அளந்து திருத்துவது. நீங்கள் இருந்து கேட்கிற இடத்தில் ஒரு அளவீட்டு மைக். 20இலிருந்து 20,000 ஹேட்ஸ் வரை ஏறிப்போகிற ஒரு ஒலி. 'ரூம் ஈக்யூ விசார்ட்' என்ற இலவச மென்பொருள் வரைபடம் போட்டுக் காட்டும். எழும்பி நிற்கிற மேட்டை 'ஈக்குவலைசர் ஏபிஓ' மூலம் கணினியிலேயே வெட்டலாம். அதுவும் இலவசம். மைக்குக்குத்தான் காசு, நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கினால் போதும்.

"இசையமைப்பாளர் தந்த ஒலியில் கை வைக்கலாமா?" என்று சில பேர் கோபப்படுவார்கள். அவர் தந்ததில் உங்கட சுவர் எப்பவோ கை வைத்துவிட்டதே!

மற்றப் பக்கம், பட்டனை அமத்தினால் எல்லாம் சரி என்பவர்களையும் நம்பாதீர்கள். அலைகள் ஒன்றையொன்று அழிக்கிற பள்ளத்தை மென்பொருளால் நிரப்ப ஏலாது. 10 டெசிபல் கூட்டினால் அம்பிளிஃபயர் பத்து மடங்கு சக்தி கொடுக்கவேண்டும், பள்ளம் பள்ளமாகவே இருக்கும். அறையின் நட்டநடுவில் இருந்தால் அந்த 47 ஹேட்ஸ் கிட்டத்தட்டக் காணாமல் போகும். கதிரையைப் பின்னுக்குத் தள்ளுங்கோ. ஸ்பீக்கரை மூலையிலிருந்து வெளியே எடுங்கோ. டைல்ஸ் நிலத்து எதிரொலிக்குப் பாயும் தடித்த திரையும் வேண்டும்.

நண்பனின் சுவருக்கு அங்கால், பக்கத்து ஆஸ்பத்திரியில் இரவு வேலை செய்கிற ஒரு தாதி பகலில் நித்திரை கொள்கிறார். சுவரைத் தாண்டிப் போவது பாட்டு இல்லை, அந்த முழக்கம் மட்டும்தான். மேட்டை வெட்டின பிறகு நண்பனுக்குப் பாட்டு முழுசாகக் கேட்கிறது, அக்காவுக்கு நித்திரையும் வருகிறது. பெரிய செட் எடுத்திருந்தால் தவணையும் சண்டையும்தான் மிச்சம்.

கையெழுத்துப் போட முதல் ஒரு பின்னேரம் அளந்து பாருங்கோ.