வெட்கத்தை விலைபேசும் வியாபாரம்

வேண்டாத முடியை லேசர் ஒளியால் நிரந்தரமாக நீக்கித் தருவதாகச் சொல்லும் விளம்பரங்கள் இன்று நாட்டின் எல்லா நகரங்களிலும் பெருகிவிட்டன. நாகர்கோவிலும் மார்த்தாண்டமும் இதற்கு விலக்கல்ல. "பணக்கார வீட்டுச் சமாசாரம், நமக்கென்ன?" என்று தோழர்கள் சிலர் கேட்கலாம். அப்படித் தள்ளிவிட முடியாது. முந்திரி ஆலைக்குப் போகும் பெண்ணின் செல்போனிலும் அந்த விளம்பரம் வருகிறது. நூற்பாலைத் தொழிலாளியின் மகளும், நாற்று நடும் தாயின் மகளும் அதைப் பார்க்கிறார்கள். கையில் காசில்லை என்றால் தவணையில் கட்டலாம் என்று ஆசை காட்டப்படுகிறது. கடன் வீட்டுக்குள் நுழைந்தபின், அது நம் பிரச்னைதான்.

ஒரு தடவைக்கு இரண்டாயிரம் ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். ஆறு தடவைக்குப் பன்னிரண்டாயிரம். 2025-26-இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயிக்கப்பட்ட கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். ஒரு பெண் 36 நாள் வெயிலில் மண் சுமந்த கூலி முழுவதும் இதற்கே போய்விடும். இவ்வளவு கொடுத்து வாங்குவது என்ன?

லேசர் என்ன செய்கிறது?

லேசர் மந்திரமல்ல, விஞ்ஞானம். 1960-இல் அமெரிக்க விஞ்ஞானி தியோடர் மெய்மன் முதல் லேசர் கருவியை இயக்கிக் காட்டினார். முடிக்குக் கறுப்பு நிறம் தரும் நிறமி இந்த ஒளியை உறிஞ்சிச் சூடாகிறது. கறுப்புத் துணி வெயிலில் சீக்கிரம் சூடாகிறதல்லவா? அதே கதைதான். அந்தச் சூடு முடியின் வேரைச் சுடுகிறது. சுற்றியுள்ள தோலைக் காப்பாற்றிக்கொண்டு நிறமியை மட்டும் சுடும் வழியை 1983-இல் ஆண்டர்சன், பாரிஷ் என்ற இரு டாக்டர்கள் விளக்கினார்கள். 1990-களின் நடுவில் முடி நீக்கும் கருவிகள் சந்தைக்கு வந்தன.

ஆனால் எல்லா முடியும் ஒரே சமயத்தில் வளர்வதில்லை. வளரும் பருவத்தில் உள்ள முடியின் வேரில்தான் இந்தச் சூடு சரியாக வேலை செய்யும். அதனால் சில வார இடைவெளியில் பல தடவை போகவேண்டியிருக்கிறது. நரைத்த முடியில் நிறமி இல்லை, அங்கே லேசர் பலிக்காது. அமெரிக்க சர்க்காரின் மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் இக்கருவிகளுக்கு "நிரந்தரக் குறைப்பு" என்ற சொல்லைத்தான் அனுமதித்தது. ஒரு முடிகூட இனி முளைக்காது என்று சொல்ல அனுமதிக்கவில்லை. கருவி செய்யும் நாட்டில் சொல்லக் கூடாத வார்த்தையை நம் நாட்டில் மட்டும் ஏன் சொல்ல வேண்டும்?

உழைப்பாளியின் தோல்

இன்னொரு விஷயத்தையும் விளம்பரம் சொல்வதில்லை. அதே நிறமி தோலிலும் இருக்கிறது. வயல் வெயிலில் கறுத்த தோலில் அது அதிகம். பொருத்தமில்லாத கருவியைப் பயிற்சியில்லாத கை பிடித்தால், ஒளி வேருக்குப் போகுமுன்பே தோலைச் சுட்டுவிடும். கொப்புளமும், தழும்பும், கறுப்புத் திட்டும் மிஞ்சும். கறுத்த தோலுக்கு 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் லேசர்தான் அதிகப் பாதுகாப்பானது.

எனவே போக நினைக்கும் பெண் முன்கூட்டியே கேட்கட்டும்: இது எந்த வகை லேசர்? இயக்குபவர் யார்? தோல் டாக்டரின் மேற்பார்வை உண்டா? கண்ணுக்குக் கவசம் உண்டா? முதலில் சிறிய இடத்தில் சோதித்துப் பார்ப்பார்களா? பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் பணத்தைக் கட்ட வேண்டாம்.

1920-களில் அமெரிக்காவில் நடந்ததை நாம் அறிந்திருக்க வேண்டும். ஆல்பர்ட் கெய்சர் என்ற டாக்டர் "டிரைக்கோ" என்ற எக்ஸ்-ரே கருவியை அழகு நிலையங்களில் புகுத்தினார். முகத்து முடி வலியில்லாமல் உதிரும் என்று ஆசை காட்டினார்கள். முடி உதிரத்தான் செய்தது. பிறகு தோல் சுருங்கியது, புண்ணானது, பலருக்குப் புற்றுநோயும் வந்தது. லேசர் எக்ஸ்-ரே அல்ல, அந்த அபாயம் இதில் இல்லை. ஆனால் வைத்தியத்தை வைத்தியர் கையிலிருந்து பிடுங்கி வியாபாரியிடம் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது சாட்சி.

நம் நாட்டிலும் தேசிய மருத்துவ ஆணையம் 2022 செப்டம்பரில் அழகு அறுவைக்கும் முடி நடும் சிகிச்சைக்கும் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. யூடியூப் பார்த்துக் கற்றுக்கொள்வது பயிற்சி ஆகாது என்று அதிலே சொல்ல வேண்டிய நிலை! தோலைச் சுடும் லேசருக்கு மட்டும் இந்த நியாயம் பொருந்தாமல் போகுமா?

வெட்கம் எங்கே உற்பத்தியானது?

பெண்ணின் உடம்பில் முடி முளைப்பது இயற்கை. அது அவமானம் என்று யார் சொன்னது? 1915-இல் ஜில்லெட் கம்பெனி பெண்களுக்கென்று ஒரு சவரக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதுவரை ஆண்களுக்கு விற்றது போதவில்லை, இன்னொரு பாதி ஜனங்களும் வாங்க வேண்டியிருந்தது! அக்குள் முடி அசிங்கம் என்ற பிரச்சாரம் விளம்பரத் தாள்களில் வளர்ந்தது. முதலில் வெட்கத்தைக் கொடுப்பார்கள், பிறகு அதற்கு மருந்தை விற்பார்கள். முதலாளித்துவச் சந்தையின் பழைய தந்திரம் இது.

நம் ஊரில் இதற்கு இன்னொரு துணை இருக்கிறது: கல்யாணச் சந்தை. நகை கேட்கிறார்கள், ரொக்கம் கேட்கிறார்கள், இப்போது பெண்ணின் முகத்தில் பூனைமுடி கூட இருக்கக் கூடாது என்கிறார்கள். வரதட்சணைக் கணக்கில் இதுவும் ஓர் இனமாகச் சேர்கிறது.

பெண்ணின் உடம்பு எப்படி இருக்க வேண்டும் என்று பிறர் கட்டளையிடுவதை நம் ஜில்லா முன்பே கண்டிருக்கிறது. திருவிதாங்கூர் ஆட்சியில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடை அணியக் கூடாது என்றார்கள். கல்குளம், இரணியல் பகுதிகளில் 1822-இல் மூண்ட தோள்சீலைப் போராட்டம் பல கட்டங்களாக நடந்தது. 1859 ஜூலை 26-இல் நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ள மகாராஜா பிரகடனம் பிறப்பித்தார். அப்போதும், மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டிருந்தது. அன்று கட்டளையிட்டது சாதி. இன்று கட்டளையிடுவது சந்தை. உடம்பு அவளுடையது, முடிவும் அவளுடையதாக இருக்கட்டும். லேசருக்குப் போகும் பெண்ணைக் கேலி செய்வதும் நம் வேலை அல்ல.

நோய்க்கு வைத்தியம் வேண்டும்

மோவாயிலும் மேலுதட்டிலும் திடீரென்று முரட்டு முடி முளைத்து, மாதவிடாயும் தவறினால், அது சினைப்பையில் நீர்க்கட்டிகளோடு வரும் ஹார்மோன் கோளாறாக இருக்கலாம். இதைக் கவனிக்காமல் விட்டால் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பும் கூடுகிறது. லேசர் முடியைக் குறைக்கும், கோளாறைத் தீர்க்காது. அழகு நிலையத்தில் பணம் கட்டும் முன் டாக்டரைப் பார்த்து ரத்தப் பரிசோதனை செய்துகொள்வதே முறை. வெட்கப்பட்டு வீட்டுக்குள் ஒளிந்திருக்கும் பெண்ணுக்கு இதைச் சொல்ல வேண்டியவர்கள் தாயும், கூட வேலை செய்யும் தோழிகளும்தான்.

திருநங்கைகளின் நிலைமை இன்னும் கடுமை. தாடையில் முளைக்கும் முடியை நாள்தோறும் மழித்துக்கொண்டுதான் வேலை தேடிப் போக வேண்டும். மழித்த தடம் தெரிந்தால் பஸ்ஸிலும் வேலைத்தலத்திலும் ஏளனம். அவர்களுக்கு இந்தச் சிகிச்சை ஆடம்பரமல்ல, வாழ்க்கைத் தேவை. 2008-இல் தமிழ்நாட்டில் திருநங்கையர் நல வாரியம் அமைந்தது. 2019-இல் பார்லிமெண்ட் இயற்றிய சட்டத்தின் 15-ஆவது பிரிவு, அறுவை சிகிச்சை, ஹார்மோன் சிகிச்சை ஆகியவற்றோடு லேசர் சிகிச்சைச் செலவையும் இன்ஷூரன்ஸ் திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று பெயர் சொல்லியே எழுதிவைத்தது. தாளில் எழுதியது ஏழைக்குக் கைக்கெட்டினால்தான் சட்டம்!

நாம் கேட்பது என்ன?

முந்திரிக் கொட்டைத் தோட்டின் எண்ணெய் பட்டு நம் பெண்களின் கைத்தோல் வெந்து உரிகிறது. அந்தத் தோலுக்குக் கையுறையும் களிம்பும் கொடுக்கக் கணக்குப் பார்க்கும் சமுதாயம், அதே பெண்ணின் பூனைமுடிக்கு மட்டும் கடன் கொடுக்கத் தயாராக நிற்கிறது. இந்த அநியாயத்தைத்தான் மாற்ற வேண்டும்.

ஆசாரிப்பள்ளம் சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இந்த ஜில்லா மக்களின் சொத்து. தோல் வைத்தியமும் ஹார்மோன் வைத்தியமும் ஏழைப் பெண்ணுக்கு அங்கே தடையின்றிக் கிடைக்க வேண்டும். நோயாளிகளுக்கும் திருநங்கைகளுக்கும் தேவையான லேசர் சிகிச்சை சர்க்கார் செலவில் நடக்க வேண்டும். தனியார் நிலையங்களில் கருவியை இயக்குபவரின் தகுதி வாசலிலேயே எழுதி ஒட்டப்பட வேண்டும். "நிரந்தர நீக்கம்" என்ற பொய் விளம்பரத்துக்குத் தடை வேண்டும். ஆலை முதலாளி தொழிலாளியின் கைத்தோலுக்குப் பொறுப்பேற்க வேண்டும்.

தொழிற்சங்கக் கூட்டங்களிலும் மாதர் கூட்டங்களிலும் இந்தக் கோரிக்கைகளைப் பேசுங்கள். விஞ்ஞானம் உழைப்பாளியின் கைக்கு வரட்டும்! வெட்கத்தை விற்கும் வியாபாரம் ஒழியட்டும்!