இரைச்சல்னு சொல்லிட்டா முடிஞ்சுதா?

இளையராஜா பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடிய நண்பர் ஒருவருக்கு எம்.ஐ.ஏ.வின் 'மாயா' ஆல்பத்தைக் கேட்கக் கொடுத்தேன். இரண்டாவது பாட்டிலேயே ஹெட்போனைக் கழற்றிவிட்டார். "இது இரைச்சல்ங்க." விமர்சனம் அவ்வளவுதான்.

அந்த இரண்டாவது பாட்டு 'ஸ்டெப்பின் அப்'. ட்ரில்லிங் மிஷின் சத்தத்தையே தாளமாகக் கட்டியிருப்பார் மாதங்கி அருள்பிரகாசம். அப்பா பெயரில் 'அருளர்', அம்மா பெயரில் 'கலா', மூன்றாவதாகத் தன் பெயரில் இது. 2010 ஜூலையில் வந்தது. பிட்ச்ஃபோர்க் பத்துக்கு 4.4 மதிப்பெண் போட்டது. நண்பருக்கு அந்த எண் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஆனால் அவருக்கு 'கலா' பிடிக்கும். அதில் 'பேம்பூ பாங்கா'வில் 'தளபதி'யின் 'காட்டுக்குயிலு' சாம்பிள் வரும், அதனால்தான். ராஜா உள்ளே இருந்தால் இசை, ட்ரில்லிங் மிஷின் இருந்தால் இரைச்சலா? அதே 'கலா'வில்தான் 'பர்ட் ஃப்ளூ'வில் உறுமி அடிக்கிறது. உறுமியின் ஒரு பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள், அடிவயிற்றிலிருந்து ஏதோ முனகுகிற மாதிரி இருக்கும். இனிமையா அது? கோயில் கொடையில் கேட்டுப் பழகிவிட்டோம், அதனால் பயப்படுவதில்லை.

போன பொங்கலுக்கு காரங்காடு போயிருந்தபோது இதே பாட்டை மச்சானுக்குப் போட்டுக் காட்டினேன். படகு இஞ்சின் பார்க்கிறவர். அலையாத்திக் காட்டுக்குள்ளிருந்து ஒரு படகு திரும்பி வந்தால், அது கண்ணுக்குத் தெரியுமுன்னே யாருடையது, அதில் எது சரியில்லை என்று சொல்லிவிடுவார். கண்ணை மூடிக்கொண்டு முழுசாகக் கேட்டார். "மாப்ள, இது லோடுல ஓடுது. சும்மா வுட்ட சத்தமில்ல." பிடித்ததா என்று கேட்டேன். "பிடிக்கிறதுக்கு என்ன இருக்கு? யாரோ எதையோ இழுத்துக்கிட்டுப் போறாங்க."

நான் வாசித்த எந்த விமர்சனத்திலும் இந்த வாக்கியம் இல்லை.

காலேஜில் எங்களுக்கு நாய்ஸ் என்பதை வடிகட்டி எறியத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் எங்கள் கரையில் ரேடியோ கேட்டு வளர்ந்தவனுக்கு அது அத்தனை சுலபமில்லை. இலங்கை வானொலியின் தமிழ் எப்போதும் கரகரப்போடுதான் வரும். கரகரப்பைப் பொறுக்க முடியாதவனுக்குச் சேதியும் கிடையாது. 2009 மே மாதம் போர் முடிந்தபோது நான் ஹாஸ்டல் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். யாழ்ப்பாணம் பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம்தான். ஒரு சத்தமும் இங்கே வந்து சேரவில்லை. அதற்குப் பதினான்கு மாதம் கழித்து, யாழ்ப்பாணத்தில் சிறுபிள்ளையாக இருந்து அகதியாக லண்டன் போன ஒருத்தி காது கிழிகிற ஆல்பம் போடுகிறாள். அவளிடம் போய் 'மெலடி எங்கே'ன்னு கேட்க எனக்கு வாய் வரவில்லை. இது என் வாசிப்பு. அவர் அப்படி நினைத்துச் செய்தாரா என்பது வேறு விஷயம்.

குறையே இல்லை என்று சொல்லவில்லை. 'எக்ஸ்எக்ஸ்எக்ஸ்ஓ' வானொலிக்காக இறங்கி வந்த பாட்டு, நான் தாண்டிவிடுவேன். நடுவில் இன்னும் இரண்டு, மூன்று பாட்டு சவசவ. 'போராளி' என்பதற்காக மட்டும் தலையில் வைத்துக் கொண்டாடுகிறவர்களோடும் எனக்கு ஒட்டாது, அவர்களும் முழுசாகக் கேட்டதில்லை. ஆனால் முதல் பாட்டைப் பாருங்கள், ஒரு நிமிடம்கூட இல்லை. உன் ஃபோன் கூகுளோடும், கூகுள் அரசாங்கத்தோடும் இணைந்திருக்கிறது என்கிறது. அன்றைக்கு அதைப் பித்துக்குளித்தனம் என்று சிரித்தார்கள். 2013இல் ஸ்னோடன் ஆவணங்கள் வந்தன. டேட்டா பைப்லைன் எழுதிச் சம்பளம் வாங்குகிற எனக்கு அந்தப் பாட்டில் சிரிக்க எதுவுமில்லை. அட்டைப்படத்தில்கூட அவர் முகத்தை யூடியூபின் ஓட்டப் பட்டைகள் மறைத்திருக்கும், கண் மட்டும் தெரியும்.

நண்பரிடம் மறுபடி கொடுத்துப் பார்த்தேன். "நேரமில்லை" என்றார். மச்சான் மட்டும் போன வாரம் ஃபோன் பண்ணினார். அந்த இஞ்சின் பாட்டை வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லி.