தும்மலும் 17 வளைவுகளும்

தை மாசம் வந்தா எங்க போடிப் பக்கம் ரெண்டு விஷயம் நிச்சயம். மாமரம் பூக்கும், ஜனங்க தும்முவாங்க. ரெண்டையும் முடிச்சுப் போட்டு "மாம்பூ ஒத்துக்கல"ன்னு சொல்லிடுவாங்க. மலைக்கு வேலைக்குப் போறவங்கள்ல சிலர் ஏலப்பூவைத் திட்டுவாங்க.

பாவம் அந்தப் பூக்கள். ஏலத்தோட மகரந்தத்தைச் சுமக்கிறது தேனீ, மாம்பூவுக்கு ஈயும் பூச்சியும். அந்த மாதிரி மகரந்தம் காத்துல ரொம்ப தூரம் பறக்காது. (மாமரத்தடியிலேயே கட்டில் போட்டுப் படுக்கிறவர் கதை வேற.) நிஜ வில்லன்கள் புல்லும் களையும்தான். முக்கியமா பார்த்தீனியம். 1950கள்ல பூனா பக்கம் கண்ணுல பட்டு, அப்புறம் நாடு பூரா பரவினது. ஐப்பசி, கார்த்திகை மழை முடிஞ்சதும் தரிசுல வெள்ளை வெள்ளையா பூத்து நிக்கும். யாரும் அதைப் பூன்னே மதிக்கிறதில்ல. அது அடங்கறதுக்குள்ள இலவம்பஞ்சு தூசி. அது மகரந்தமே இல்ல, ஆனா மூக்குக்கு அந்த வித்தியாசம் தெரியுமா என்ன :)

எனக்குத் தும்மலை விட மாத்திரையைப் பார்த்தாதான் பயம். "தும்மலுக்கு ஒண்ணு குடுங்கண்ணே"ன்னா மெடிக்கல்ல கைக்கு வர்றது பெரும்பாலும் அவில் மாதிரி பழைய ரகம். மூக்கை அடக்கும், கூடவே ஆளையும் அசத்தும். ராத்திரி போட்டாலே சிலருக்கு மறுநாள் காலையிலயும் மந்தமா இருக்கும். அந்த விடியக்காலையிலதான் தோட்டத்துக்கு ஆள் ஏத்திக்கிட்டு ஜீப் கிளம்புது. போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஒண்ணுமே கிடையாது.

டிரைவர் ஒரு கட்டிங் போட்டுட்டு வந்தா ஊரே சண்டைக்குப் போகும். மாத்திரை போட்டுட்டு வந்தா, "பாவம், முடியாமலும் வேலைக்கு வந்துட்டாரு"ன்னு பாராட்டுறோம். என்னங்க நியாயம் இது?

தூக்கம் அதிகம் தராத மாத்திரை இருக்கு. பெக்ஸோபெனடின் அந்த ரகம். செட்ரிசின் கூட சிலரைச் சாய்ச்சுடும், ஜாக்கிரதை. வருஷா வருஷம் இதே பாடுன்னா டாக்டர்கிட்ட மூக்கு ஸ்ப்ரே கேளுங்க. சீசனுக்குக் கொஞ்சம் முன்னாடியே ஆரம்பிச்சு தினமும் அடிச்சாதான் பலன். "பழகிடும்"னு பயமுறுத்துவாங்க. பழகித் தொல்லை குடுக்கிறது அடைப்புக்கு விடுற சொட்டு மருந்து, டாக்டர் எழுதித் தர்ற ஸ்டீராய்டு ஸ்ப்ரே இல்ல.

மெடிக்கல் அண்ணன்களே, மாத்திரையைக் கத்தரிக்கிறதுக்கு முன்னாடி "வண்டி ஓட்டுவீங்களா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. அவர் ஓட்டாட்டாலும் வீட்ல ஓட்டுறவருக்காக வாங்க வந்திருப்பார்.