கயிறு உண்டு, முடிச்சு இல்லை

மத்தியப் பிரதேசத்தின் விதிஷா மாவட்டத்தில் லால் பதார் ஒரு சாதாரண கிராமம். 2021 ஜூலை 15 மாலை அங்கே ஒரு சிறுவன் கிணற்றில் விழுந்துவிட்டான் என்று செய்தி பரவ, ஊரே ஓடி வந்தது. சிலர் உள்ளே இறங்கினார்கள். மற்றவர்கள் விளிம்பில் நெருக்கியடித்து நின்று எட்டிப் பார்த்தார்கள். பாரம் தாங்காமல் விளிம்பு சரிந்து சுமார் 30 பேர் உள்ளே விழுந்தார்கள். இறந்தவர்கள் 11 பேர். அதே மாநிலத்தின் கண்ட்வா மாவட்டத்தில் 2025 ஏப்ரல் 3 அன்று, திருவிழாவுக்காகப் பழைய கிணறு ஒன்றைச் சுத்தம் செய்ய இறங்கியவர்களும் அவர்களைக் காப்பாற்ற இறங்கியவர்களுமாக எட்டுப் பேர் விஷவாயுவுக்குப் பலியானார்கள்.

இரண்டு ஊர்களிலும் தைரியத்துக்குக் குறைவில்லை. கிணறு உள்ள ஊரில் கயிறும் இல்லாமல் இருக்காது. கயிற்றை என்ன செய்வது என்று தெரிந்தவர்கள்தான் இல்லை. மலையேற்றப் பள்ளிகளும் தீயணைப்புத் துறையும் பல ஆண்டுகளாகச் சொல்லித்தரும் வித்தை இது. கேட்டால் ஏதோ கமாண்டோ சமாசாரம் போலத் தோன்றும். அடிப்படைகளைக் கற்றுக்கொள்ள ஒரு வாரம் போதும்.

முதல் விதி விளிம்பைப் பற்றியது. வேலையில் இல்லாதவர்கள் கிணற்றிலிருந்து நன்றாக விலகி நிற்க வேண்டும். வேலையில் இருப்பவர்கள் தங்களையே ஒரு கயிற்றால் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். வேடிக்கை பார்ப்பவர்களை விலக்குவதற்கென்றே ஒரு ஆளை நிறுத்துவது வீண் வேலை அல்ல. லால் பதாரில் அப்படி ஒருவர் இருந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும்.

இரண்டாவது, கயிறு கட்டாமல் யாரும் இறங்கக் கூடாது. பாழுங்கிணற்றின் அடியில் ஆக்ஸிஜன் வெகுவாகக் குறைந்திருந்தால் இறங்கியவர் ஒன்றிரண்டு மூச்சிலேயே மயங்கிவிடுவார். கூப்பிடக்கூட அவகாசம் இருக்காது. உடம்பில் முறையாகக் கயிறு கட்டி, மறுமுனையை மேலே ஆட்கள் பிடித்திருந்தால் அவரை உடனே தூக்கிவிடலாம். கயிறு இல்லை என்றால் இன்னொருவர் இறங்க வேண்டும், அவருக்காக மூன்றாமவர். சாவு எண்ணிக்கை இப்படித்தான் ஏறுகிறது. விளக்கைக் கொளுத்தி இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கத்தையும் முழுதாக நம்ப முடியாது. ஆக்ஸிஜன் மிகவும் குறைந்திருந்தால் விளக்கு அணையும், சரி. ஆனால் ஹைட்ரஜன் சல்ஃபைட் போன்ற விஷவாயு இருப்பதை அது சொல்லாது. மீத்தேன் இருந்தால் வெடிக்கவும் கூடும். வாயுவை அளக்கும் கருவியும் மூச்சுக் கருவியும் வரும்வரை யாரும் இறங்காமல் இருப்பதுதான் அங்கே உதவி. உறவினர்கள் கதறிக்கொண்டிருக்கும்போது இதைச் சொல்ல மனதிடம் வேண்டும்.

இனி முடிச்சு. குடத்தின் கழுத்தில் போடும் சுருக்கு மனிதனுக்கு ஆகாது. இழுக்க இழுக்க இறுகுவது அதன் குணம். குடத்துக்கு அது நல்லது, மார்புக்கு எமன். இறுகாத, நழுவாத வளையம் வேண்டும். மாலுமிகள் நூற்றாண்டுகளாகப் போடும் ‘பவ்லைன்’ அப்படிப்பட்டது. மலையேறிகள் நம்புவது எட்டு முடிச்சை. பார்த்தாலே 8 என்று தெரியும் என்பதால், சரியாகப் போட்டிருக்கிறதா என்று அடுத்தவர் ஒரே பார்வையில் சோதிக்கலாம். எந்த முடிச்சும் கயிற்றின் பலத்தில் ஐந்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை தின்றுவிடும். இழுத்தால் அறும் எடைக்குப் பல மடங்கு கீழேதான் மீட்புக் கயிற்றில் பாரம் ஏற்றுகிறார்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அக்குளுக்குக் கீழே ஒரே வளையம் மாட்டித் தூக்குவது அவசரத்துக்குத்தான். கையை உயர்த்தினால் ஆள் நழுவி விழுவார். விலா எலும்பு முறிந்திருந்தால் வேதனை தாங்காது. இந்தியாவில் சிவில் டிஃபென்ஸ் பயிற்சி பெற்ற தலைமுறைக்கு நாற்காலி முடிச்சு ஞாபகம் இருக்கும். கயிற்றின் நடுவில் இரண்டு வளையங்கள். ஒன்று மார்புக்கு, மற்றது முழங்காலுக்குக் கீழே. ஆள் உட்கார்ந்த நிலையில் தொங்குவார். கீழிருந்து ஒருவர் இன்னொரு கயிற்றைப் பிடித்து, சுவரில் மோதாமல் அவரை விலக்கிக்கொண்டே இருப்பார். இன்று இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் ஹார்னஸ் வந்துவிட்டதால் இந்த முடிச்சுக்கு மவுசு குறைந்துவிட்டது. ஹார்னஸ் இல்லாத ஊரில் இன்னும் பயன்படும். முதுகெலும்பில் அடிபட்டவருக்கு இரண்டுமே கூடாது. ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து, உடம்பு அசையாமல் கட்டித்தான் தூக்க வேண்டும்.

கயிற்றை எதில் கட்டுவது என்பதில்தான் பெரிய தவறுகள் நடக்கின்றன. உறுதியான மரம், பெரிய பாறை, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து நிறுத்திய லாரி, இவையெல்லாம் பிடிமானங்கள். ஒன்றை மட்டும் நம்பாமல் இரண்டில் கட்டுவது நல்லது. ஆனால் இரண்டு கயிறுகளுக்கும் இடையே உள்ள கோணம் முக்கியம். 100 கிலோ பாரம் தொங்கும்போது கோணம் 60 டிகிரி என்றால் ஒவ்வொரு பக்கமும் சுமார் 58 கிலோ சுமக்கும். 120 டிகிரி ஆனால் ஒவ்வொன்றும் முழு 100 கிலோ சுமக்கும். 150 டிகிரிக்கு விரிந்தால் 193 கிலோ! துணி காயப்போடும் கொடி போல விறைப்பாகக் கட்டிய கயிற்றின் நடுவில் ஆளைத் தொங்கவிடுவது எவ்வளவு ஆபத்து என்பதை இந்தக் கணக்கு சொல்லிவிடும்.

கயிறு பாறை விளிம்பில் உரசினால் அறுந்துபோகும். ஒரு சாக்கை மடித்துப் போட்டால் தடுக்கலாம். நைலான் மேல் நைலான் ஓடினால் சூட்டில் உருகி அறுத்துவிடும் என்பது பலருக்குத் தெரியாது. கடைத்தெருவில் மலிவாகக் கிடைக்கும் பிளாஸ்டிக் கயிறு அதைவிடச் சீக்கிரம் உருகும். ஆளைத் தாங்கும் கயிறு ஒன்று, அது போனால் பிடிப்பதற்குத் தனிப் பிடிமானத்தில் இன்னொன்று என்று இரண்டு கயிறு வைப்பதுதான் தொழில்முறை மீட்பாளர்களின் வழக்கம்.

தூக்குவதைவிட இறக்குவது எப்போதும் சுலபம். வழி இருந்தால் அதையே செய்ய வேண்டும். தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் கப்பி உதவும், ஆனால் எல்லாக் கப்பியும் அல்ல. மேலே கட்டிய ஒற்றைக் கப்பி இழுக்கும் திசையை மாற்றுமே தவிர பாரத்தைக் குறைக்காது. கயிற்றை ‘இஸட்’ எழுத்து போல மடக்கி இரண்டு கப்பிகளில் ஓட்டினால் கணக்குப்படி மூன்றில் ஒரு பங்கு பலம் போதும். பதிலுக்கு, ஆள் ஒரு மீட்டர் உயர மூன்று மீட்டர் கயிறு இழுக்க வேண்டும். உராய்வைச் சேர்த்தால் லாபம் இன்னும் குறையும். இருபது பேர் ஆளுக்கொரு பக்கம் இழுப்பதைவிட, நான்கு பேர் ஒரே குரலுக்குக் கட்டுப்பட்டு இழுப்பது மேல். ‘இழு’ என்றும் ‘இறக்கு’ என்றும் சொல்ல ஒருவருக்குத்தான் உரிமை. ‘நிறுத்து’ என்று மட்டும் யாரும் கத்தலாம்.

கயிற்றில் தொங்குபவருக்கும் நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அசையாமல் ஹார்னஸில் தொங்கினால் ரத்தம் கால்களில் தேங்கி, சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். நீடித்தால் உயிரே போகலாம். அப்படிக் காப்பாற்றியவரை உடனே படுக்கவைக்கக் கூடாது, உட்காரவைக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பு 2009இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு ஆதாரமே இல்லை என்றது. மயங்கியவரைக் கிடத்தி, மூச்சு இருக்கிறதா என்று பார்க்கும் வழக்கமான முதலுதவிதான் சரி. பழைய பாடத்தை இன்னும் நடத்தும் பயிற்சியாளர்கள் இருந்தால் மாற்றிக்கொள்வது நல்லது.

முறையாகச் செய்தால் எப்படி இருக்கும்? பாலக்காடு அருகே மலம்புழாவில் 2022 பிப்ரவரியில் பார்த்தது. செங்குத்துப் பாறையின் இடுக்கில் காலில் அடிபட்டுச் சிக்கிய 23 வயது இளைஞரிடம் கடலோரக் காவல் படையின் ஹெலிகாப்டரால் நெருங்க முடியவில்லை. வெலிங்டனிலிருந்து மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தின் வீரர்களும் பெங்களூரிலிருந்து பாராசூட் படையினரும் வந்தார்கள். இரவிலேயே மலை ஏறினார்கள். உச்சியில் கயிற்றைக் கட்டி ஒரு வீரர் இறங்கினார். முதலில் தண்ணீர் கொடுத்தார். பிறகு இளைஞருக்கு ஹார்னஸ் மாட்டித் தன்னோடு இணைத்துக்கொள்ள, மேலே இருந்தவர்கள் இருவரையும் இழுத்தார்கள். நாற்பது மணி நேரத்துக்கும் மேல் தண்ணீர் இல்லாமல் தவித்தவர் உயிரோடு திரும்பினார். ஹெலிகாப்டர் அதன் பிறகுதான், உச்சியிலிருந்து அவரை ஏற்றிச் செல்ல.

இரண்டு மாதம் கழித்து ஜார்க்கண்டின் திரிகூட மலை ரோப்வே பழுதாகி நின்றபோது பலரை மேலே தூக்கிக் காப்பாற்றியது ஹெலிகாப்டர்தான். ஆனால் அப்படித் தூக்கும்போது இருவர் விழுந்து இறந்தார்கள். தரைக்கு அருகே நின்ற தொட்டிகளில் இருந்தவர்களை உள்ளூர்க்காரர்களே கயிறும் நாற்காலியும் கொண்டு இறக்கிவிட்டார்கள். தொலைக்காட்சியில் அதிகம் வந்தது எது என்று சொல்லத் தேவையில்லை.

தேசியப் பேரிடர் மீட்புப் படை தேர்ந்த படைதான். ஆனால் அது வந்து சேரும்வரை சம்பவ இடத்தில் இருப்பவர்கள் ஊர்க்காரர்கள். இதை உணர்ந்துதான் 2016இல் தொடங்கிய ‘ஆப்த மித்ரா’ திட்டத்தில் தன்னார்வலர்களுக்கு 12 நாள் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு முறை கற்ற முடிச்சு ஆறு மாதம் போடாமல் இருந்தால் விரலுக்கு மறந்துவிடும் என்பதையும் திட்டம் போடுபவர்கள் கணக்கில் எடுக்க வேண்டும். இருட்டில், ஈரக்கையோடு, கண்ணை மூடிக்கொண்டு போட வரும்வரை அது தெரிந்த முடிச்சு அல்ல என்பது மலையேற்றப் பயிற்சியாளர்களின் அளவுகோல்.

கயிற்றுக்கும் கவனிப்பு வேண்டும். மீட்புக்கென்று வாங்கியதைத் தண்ணீர் இறைக்கவோ மாடு கட்டவோ எடுக்கக் கூடாது. வெயில் நைலானை நைந்துபோகச் செய்யும். பேட்டரி அமிலம் இன்னும் மோசம். வெளியே ஒரு அடையாளமும் தெரியாமல் உள்ளே இற்றுவிடும். டிராக்டர் பேட்டரியும் கயிறும் பம்புசெட் அறையின் ஒரே மூலையில் கிடந்தால், அந்தக் கயிற்றை மனிதரைத் தூக்க எடுக்காமல் வெட்டிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்க வேண்டியதுதான்.