எட்டாம் பருவம்

பாட்டியல் நூலார் பெண்ணின் வாழ்வை ஏழு பருவங்களாகப் பகுத்தனர். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்பன அவை. ஐந்து வயதில் தொடங்கும் பேதைப் பருவம் முதலாக, நாற்பதில் முடியும் பேரிளம்பெண் பருவம் ஈறாக அப்பகுப்பு அமைந்துள்ளது. உலா இலக்கியத்தைக் கற்பிக்கும் ஒவ்வோராண்டும் இப்பட்டியலைக் கரும்பலகையில் எழுதுகின்றோம். மாணவியர் பார்த்து எழுதிக்கொள்கின்றனர். சில ஆண்டுகளுக்கு முன் கடைசி இருக்கையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "நாற்பத்தொன்றாம் வயதில் என்ன பெயர், அம்மா?" என்று வினவினாள். வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம், விடை கூறவில்லை. அந்த வாரத்தில்தான் நமக்கு நாற்பத்தொரு வயது நிறைந்திருந்தது என்பதை அம்மாணவி அறியாள்.

ஆடவர்க்கும் இம்மரபில் பருவப் பெயர்கள் உண்டு. முப்பதைக் கடந்தவனை 'முதுமகன்' என்று கூறி, மேல் எல்லை வகுக்காமல் விட்டுவிட்டனர். எழுபதிலும் அவன் முதுமகனே. பெண்ணுக்கோ நாற்பதோடு பட்டியல் முற்றுப்பெறுகின்றது. தலைவன் வீதியில் உலா வரும்போது ஏழு பருவ மகளிரும் மாடத்தில் நின்று காண்கின்றனர். நாற்பத்தொரு வயதினள் அப்போது எங்கே இருந்தாள்? அடுக்களையில் இருந்திருப்பாள் என்பதே நம் ஊகம். உலாக் கண்டு திரும்புவோர்க்குப் பசிக்குமல்லவா?

பெயரிடப்படாத இவ்வெட்டாம் பருவத்தினராகிய நாம், பிறந்திருக்கும் புத்தாண்டில் மேற்கொள்ளத்தக்க உறுதிமொழிகள் சிலவற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நான்கு வாய்ப்புகள்

உறுதிமொழி என்றதும் சகோதரியர் அஞ்ச வேண்டா. நம் நாட்டில் பிறந்தவர்க்கு இறைவன் புத்தாண்டுகளைத் தாராளமாகவே வழங்கியுள்ளான். சனவரி முதல் நாளில் எடுத்த உறுதி பொங்கலுக்குள் உடைந்துபோனால், தை முதல் நாளில் புதுப்பித்துக்கொள்ளலாம். அதுவும் நிலைக்காவிடில் சித்திரை இருக்கின்றது. தையா, சித்திரையா என்னும் வழக்கிற்குள் நாம் புகவில்லை. உறுதியை உடைப்போர்க்கு இரண்டுமே தேவை. இவற்றோடு முஹர்ரமும் உண்டு. சந்திர ஆண்டு ஏறத்தாழ 354 நாள்களே உடையதாதலின், அப்புத்தாண்டு ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னதாகவே வந்து நம்மைத் தட்டியெழுப்புகின்றது. ஆகவே தவறுவதற்கும் இடமுண்டு, திருந்துவதற்கும் இடமுண்டு.

குறைத்தலும் கூட்டலும்

சென்ற ஆண்டு நாமும் நம்மோடு பணியாற்றும் தோழியரும் ஓய்வறையில் அமர்ந்து உறுதிமொழிகளைத் தாளில் எழுதினோம். எடையைக் குறைப்பது, கோபத்தைக் குறைப்பது, செலவைக் குறைப்பது, கைப்பேசி பார்ப்பதைக் குறைப்பது, பிள்ளைகளிடம் பேச்சைக் குறைப்பது எனத் தாள் நிரம்பிற்று. எழுதி முடித்துப் படித்தபோதுதான் ஓர் உண்மை புலப்பட்டது. நாற்பதைக் கடந்த பெண், தன்னிடமுள்ள ஏதேனும் ஒன்றைக் குறைத்துக்கொண்டே இருத்தல் வேண்டும் என்று உலகம் எதிர்பார்க்கின்றது. நாமும் அதற்கு உடன்பட்டுக் கையொப்பமிடுகின்றோம். அத்தாளில் இருந்தவை நம் விருப்பங்களே அல்ல. நம்மைப் பற்றிப் பிறர் கூறிய குறைகளின் தொகுப்பு. பிப்ரவரியில் அத்தாள் ஒரு சுண்டல் பொட்டலமாகப் பயன்பட்டது. அதனால் விளைந்த ஒரே பயன் அதுவே.

எனவே இவ்வாண்டு குறைத்தல் கணக்கை மூடிவிட்டுக் கூட்டல் கணக்கைத் திறப்போம்.

கூட்ட வேண்டுவன ஐந்து

முதலாவது, மூக்குக்கண்ணாடி. நாற்பதையொட்டிக் கண்ணின் வில்லை நெகிழ்ச்சி குன்றி, அண்மையிலுள்ள எழுத்துகள் மங்குவது இயற்கை. 'வெள்ளெழுத்து' என்று தமிழ் இதற்கு அழகியதொரு பெயரே இட்டிருக்கின்றது. நாமோ செய்தித்தாளைக் கை நீட்டும் தொலைவிற்குக் கொண்டு சென்று, கை போதாமல் திண்டாடி, "இப்போதெல்லாம் அச்சு சரியில்லை" என்று அச்சகத்தாரைப் பழிக்கின்றோம். அரிசியில் கல் இருப்பதைக் கணவர் பல்லால் கண்டறியும் வரை காத்திராமல், இம்மாதமே கண்ணாடி வாங்கிவிடுவோம்.

இரண்டாவது, சூடான சோறு. எல்லோரும் உண்டபின், ஆறிய குழம்பையும் அடிப்பிடித்த சோற்றையும் அடுப்படியில் நின்றவாறே உண்பதைத் தியாகம் எனப் பாராட்டியது போதும். பாராட்டில் சத்து இல்லை. மாதவிடாய் நிற்கும் காலத்தையொட்டி ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைவதால் எலும்பின் வலிமை விரைந்து தேய்கின்றது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. தீட்டிய அரிசியில் அது பத்து மில்லிகிராம் அளவே. நம் பாட்டியர் கரைத்துக் குடித்த கூழை நாம் மீட்டுக்கொள்வோம். அதையும் அமர்ந்து, பிறரோடு சேர்ந்து, சூடாக உண்போம்.

மூன்றாவது, நடை. வாரத்திற்கு 150 நிமிடமேனும் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. "வீட்டிற்குள் நாள் முழுதும் நடக்கின்றோமே!" என்பது நாம் வழக்கமாகக் கூறும் மறுமொழி. அடுப்புக்கும் குளிர்பதனப் பெட்டிக்கும் இடையே நடக்கும் நடையில் மூச்சு வாங்குவதில்லை, பெருமூச்சே வருகின்றது. நாம் தோழியருடன் தொடங்கிய நடை முதல் வாரம் மூன்று கிலோமீட்டர் சென்றது. இரண்டாம் வாரம் வழியில் ஒரு பஜ்ஜிக் கடை இருப்பது தெரிந்தது. மூன்றாம் வாரம் அக்கடை வரை மட்டும் நடந்தோம். இருப்பினும் நடந்தோம் என்பதை வரலாறு பதிவு செய்துகொள்ளட்டும்.

நான்காவது உறுதிமொழியை நகைச்சுவையாக எழுத இயலவில்லை. எம் மூத்த சகோதரியை ராத்தா என்று அழைப்போம். மார்பில் ஒரு சிறு கட்டி இருப்பதாக அவர் ஒருநாள் தொலைபேசியில் கூறினார். "வலிக்கிறதா?" என்று கேட்டோம். "வலியில்லை" என்றார். "அப்படியானால் தேர்வு வேலை முடியட்டும், ராத்தா. வந்து அழைத்துப் போகிறோம்" என்றோம். விடைத்தாள் திருத்தும் பணி முடிந்தது. அடுத்து அவர் மகளின் திருமணம் வந்தது, அதையடுத்து ரமலான், அதன்பின் பேரனின் பிறப்பு. ஒவ்வொன்றும் நல்ல காரணமே. எட்டு மாதங்கள் கழித்து மருத்துவர் முன் அமர்ந்தபோது, "முன்னரே வந்திருக்கலாமே" என்ற ஒரு தொடரைத் தவிர அவர் வேறொன்றும் கூறவில்லை. ராத்தா ஐம்பத்திரண்டு வயதில் மறைந்தார். மார்பகப் புற்றுநோயின் தொடக்கத்தில் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதை நாம் பின்னரே அறிந்தோம். மெத்தப் படித்தவர் என்று குடும்பத்தார் நம்பிய நாம், அன்று கேட்டிருக்க வேண்டிய வினா "வலிக்கிறதா?" என்பதன்று, "எப்போது புறப்படலாம்?" என்பதே.

முப்பது வயதைக் கடந்தோர்க்கு வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூவகைப் புற்றுநோய்க்கும் பரிசோதனை செய்தல் வேண்டும் என்று 2016-இல் நடுவணரசு நெறிமுறை வகுத்துள்ளது. ஆண்டில் ஒரு நாளை நாள்காட்டியில் வட்டமிட்டு, அந்நாளில் திருமணமே வந்தாலும் மருத்துவரைக் கண்டுவிட்டுப் பந்திக்குச் செல்வோம். தனியே செல்லக் கூசினால் ஒரு தோழியை உடன் அழைத்துச் செல்வோம்.

ஐந்தாவது, பரணிலுள்ள பெட்டி. நம் ஒவ்வொருவர் வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டி இருக்கின்றது. ஒருத்தியின் பெட்டியில் தையற்பொறியின் உறுப்புகள். மற்றொருத்தியின் பெட்டியில் பாதியில் நின்ற பட்டப்படிப்பின் நூல்கள். நம் பெட்டியில் முனைவர் பட்ட ஆய்வுக் குறிப்புகள் பன்னிரண்டு ஆண்டுகளாக உறங்குகின்றன. இதற்கிடையே நாம் பெற்ற எம்.ஃபில். பட்டத்தையே பல்கலைக்கழக மானியக் குழு 2022-ஆம் ஆண்டு விதிகளின் வாயிலாக நிறுத்திவிட்டது. பட்டத்திற்கே ஓய்வு கொடுத்துவிட்டனர். நமக்கு ஓய்வு இல்லை.

காலம் கடந்துவிட்டது என்போர்க்கு இருவரை நினைவூட்டுவோம். நீதிபதி பாத்திமா பீவி 1989 ஏப்ரலில் கேரள உயர்நீதிமன்றத்திலிருந்து ஓய்வு பெற்றார். அவ்வாண்டு அக்டோபரிலேயே நம் உச்சநீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாகப் பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு வயது 62. பின்னர் 1997 முதல் 2001 வரை நம் தமிழகத்தின் ஆளுநராகவும் விளங்கினார். 1886-இல் பிறந்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அத்துயரை அவர் நெடுங்காலம் மறக்கவில்லை. 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பெற்றபோது அவர் எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். உடன்பிறந்தாளை இழந்த துயரை ஒருவர் எவ்வாறு பயன்படுத்தினார் என்பதை நினைக்குந்தோறும், பரணிலுள்ள பெட்டியை இறக்கும் துணிவு நமக்குப் பிறக்கின்றது.

உறுதிமொழி யாருக்கு?

இவ்வளவும் எழுதியபின் ஒன்றைக் கூறாது விடுதல் நேர்மையாகாது. இவ்வுறுதிகள் உடைவதற்கு நம் மனத்தளர்ச்சி மட்டுமே காரணமன்று. 2019-இல் இந்திய அரசு நடத்திய காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்காக நாளொன்றுக்குச் செலவிடுவது 299 நிமிடம். அவ்வேலையில் ஈடுபடும் ஆண் செலவிடுவது 97 நிமிடம். இடைவெளி மூன்று மணி நேரத்திற்கும் மேல். அந்த மூன்று மணி நேரத்திற்குள்தான் நம் நடையும் படிப்பும் மருத்துவமனைப் பயணமும் புதைந்து கிடக்கின்றன. நேரத்தை யாரும் புதிதாகப் படைக்க இயலாது, பங்கிட்டுக்கொள்ளத்தான் இயலும். ஆகவே பெண்ணின் புத்தாண்டு உறுதிமொழியில் வீட்டார் அனைவரும் கையொப்பமிடுதல் வேண்டும் என்பது நம் திண்ணிய கருத்து.

இம்மலரைப் புரட்டும் மாணவக் கண்மணிகளுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் படமும் கவிதையும் எந்தப் பக்கத்தில் உள்ளன என்று தேடிப் பார்த்தபின் இப்பக்கத்திற்கும் வாருங்கள். இன்றிரவு வீட்டிற்குச் சென்றதும் உங்கள் தாயிடம் இரண்டு வினாக்களைக் கேளுங்கள். "சாப்பிட்டீர்களா?" என்பது முதல் வினா. "உடம்புக்கு ஏதேனும் இருந்து எங்களிடம் சொல்லாமல் இருக்கிறீர்களா?" என்பது இரண்டாம் வினா. முதல் வினாவிற்கு "ஆயிற்று" என்று விடை வந்தால் அடுப்படிப் பாத்திரத்தைத் திறந்து பாருங்கள். இரண்டாம் வினாவிற்கு "ஒன்றுமில்லை" என்று விடை வந்தால் மறுநாளும் கேளுங்கள்.

எட்டாம் பருவத்திற்குப் பெயர் என்ன என்று வினவிய மாணவிக்கு இன்றுவரை விடை கூறவில்லை. இப்போது ஒன்று தோன்றுகின்றது. ஏழு பெயர்களும், மாடத்தில் நின்று பிறர் உலாவைக் கண்டவர்க்கு இடப்பட்டவை. எட்டாம் பருவத்தினள் மாடத்தில் நிற்பவளல்லள். நாள்தோறும் காலை ஆறு மணிக்கு, கண்ணாடி அணிந்து, தோழியர் சூழ, அவளே வீதியில் உலாப் போகின்றாள். காண விரும்புவோர் மாடத்தில் வந்து நிற்கலாம். பஜ்ஜிக் கடை வரை உடன் வருவோர்க்கும் தடையில்லை.