ஒழுக்கம் எது? கீழ்ப்படிதலா, மானமா?

நமது ஊர்களில் எந்தப் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குப் போனாலும், மேடையேறுகின்ற பெரிய மனிதர்கள் தவறாமல் சொல்லுகிற சங்கதி ஒன்று உண்டு. அதாவது, இக்காலத்துப் பிள்ளைகளிடத்தில் ஒழுக்கம் இல்லை, பெரியோரிடத்தில் பயம் இல்லை, உபாத்தியாயரிடத்தில் பக்தி இல்லை, ஆகையால் பள்ளிக்கூடங்களில் நீதிபோதனை கட்டாயமாக நடத்தப்பட வேண்டும் என்பதாகும். அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் அவற்றைச் சுற்றியுள்ள வானம் பார்த்த கிராமங்களிலும் இந்தப் பிரசங்கத்தைக் கேட்காத பிள்ளை ஒன்றுகூட இராது.

பிள்ளைகளுக்கு ஒழுக்கம் கற்பிக்கப்பட வேண்டும் என்பதில் நமக்குச் சிறிதும் ஆட்சேபணை கிடையாது. ஆனால் கற்பிக்க வேண்டிய ஒழுக்கம் எது, அதைக் கற்பிக்கிறவர்களின் யோக்கியதை எது என்கின்ற விஷயத்தில்தான் நாம் இவர்களோடு வாதாட வேண்டியிருக்கிறது.

ஒழுக்கம் என்னும் வார்த்தைக்கு நமது நாட்டில் வெகுகாலமாக நடைமுறையில் இருந்துவந்த அர்த்தமெல்லாம், அவனவன் தனக்கு விதிக்கப்பட்ட இடத்தில் அடங்கிக் கிடக்க வேண்டும் என்பதுதான். கேள்வி கேட்டவன் ஒழுக்கங் கெட்டவன். கைகட்டி நின்றவன் ஒழுக்கசீலன். திருச்சுழிக்கு அப்பாலுள்ள கமுதியில், 1897-ல் நாடார் வகுப்பினர் சிலர் கோயிலுக்குள் சென்றதற்காக அவர்கள்மீது வழக்குத் தொடரப்பட்டது. அது கீழ்க்கோர்ட்டு, ஹைக்கோர்ட்டு எல்லாம் கடந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், 1908-ல் அவர்களுக்கு அந்த உரிமை கிடையாது என்றே முடிந்தது. வழக்காடியவர்களும் தீர்ப்புச் சொன்னவர்களும் படிப்பில்லாதவர்களா? நீதி நூல் அறியாதவர்களா? எல்லாம் அறிந்தவர்கள்தான். இருந்தும், “வழக்கம்” என்கின்ற ஒரே வார்த்தைக்கு முன்னால் அவர்களுடைய படிப்பும் நீதியும் கைகட்டி நின்றுவிட்டன. படிப்பு வேறு, ஒழுக்கம் வேறு, வழக்கம் வேறு என்பதற்கு இந்தச் சீமையிலேயே இதைவிட வேறு சாட்சி வேண்டுமோ?

நிற்க, அது பழைய கதை என்று சொல்லுவாரும் உண்டு. ஆகவே நமது காலத்துக் கதைக்கு வருவோம்.

2018 ஏப்ரலில் அருப்புக்கோட்டையின் பெயர் நாடெங்கும் பத்திரிகைகளில் அடிபட்டது வாசகர்களுக்கு ஞாபகமிருக்கும். அவ்வூரிலுள்ள ஒரு கல்லூரியில் கணிதம் போதித்துவந்த உதவிப் பேராசிரியை ஒருவர், தம்மிடம் படிக்கும் மாணவிகள் சிலரிடம் டெலிபோனில் பேசி, பல்கலைக்கழகத்துப் பெரிய இடங்களுக்கு அவர்கள் “இணங்கிப்” போனால் மதிப்பெண்ணும் பணமும் வந்து சேரும் என்று ஆசை காட்டிய பேச்சு, ஒலிப்பதிவாகி வெளிவந்தது. அந்த அம்மையார் அம்மாதமே கைது செய்யப்பட்டார். ஆறு வருஷங்கள் கழித்து, 2024 ஏப்ரலில் ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று கண்டு 10 வருஷச் சிறைத்தண்டனை விதித்தது. அவரோடு சேர்த்துக் குற்றஞ்சாட்டப்பட்ட மற்ற இருவரை விடுதலை செய்தது.

இந்த வழக்கைப் பற்றி அன்று பேசியவர்களெல்லாம் கற்பிப்பவர் கெட்டுப்போனதைப் பற்றியே பேசினார்கள். மாணவிகளைப் பற்றிப் பேசியவர்களோ மிகச் சிலர். நாம் சொல்லுவதெல்லாம், அந்தச் சம்பவத்தில் உலகத்துக்கே நீதிபோதனை செய்தவர்கள் அந்தப் பெண்கள்தான் என்பதாகும். அவர்களிடம் பேசியவர் யார்? மதிப்பெண் போடும் அதிகாரம் உள்ளவர், வயதில் மூத்தவர், குரு ஸ்தானத்தில் இருந்தவர். காட்டப்பட்ட ஆசை என்ன? ஏழைக் குடும்பத்துப் பெண்ணின் கண்ணை மறைக்கக் கூடிய பணமும் பட்டமும். இவ்வளவு இருந்தும் அவர்கள் முடியாது என்றார்கள். இந்தப் பேச்சே வேண்டாம் என்றார்கள். விஷயத்தை மூடி மறைக்கவும் இல்லை.

இப்பொழுது நமது நீதிபோதனைக்காரர்களை ஒன்று கேட்கின்றோம். குருவைத் தெய்வத்தின் வரிசையிலே வைத்துக் கும்பிட வேண்டும், குரு சொல்லுக்கு மறுசொல் சொல்லலாகாது என்று நீங்கள் போதித்துவருகிறீர்களே, அந்தப் போதனையை அந்தப் பெண்கள் அப்படியே நம்பி நடந்திருந்தால் அவர்களுடைய கதி என்னவாகியிருக்கும்? அவர்கள் ஒழுக்கத்தோடு தப்பியது உங்கள் போதனையைக் கேட்டதனாலா, கேளாததனாலா? கீழ்ப்படிதல்தான் ஒழுக்கம் என்றால், அன்றைக்கு அவர்கள் ஒழுக்கங் கெட்டவர்களாகவல்லவா ஆகியிருக்க வேண்டும்? சொல்லுகிறவர் யாராயிருந்தாலும், சொல்லப்படுவது நியாயமா என்று தன் அறிவைக் கொண்டு எடைபோட்டுப் பார்த்து, நியாயமில்லாவிட்டால் முடியாது என்று சொல்லுகிற மானந்தான் அவர்களைக் காத்தது. அந்த மானத்தைத்தான் நாம் ஒழுக்கம் என்கின்றோம்.

இனி, இதற்கு நேர் எதிரான இன்னொரு சம்பவத்தையும் பார்ப்போம். அருப்புக்கோட்டைக்குத் தெற்கே, திருநெல்வேலி ஜில்லா நாங்குநேரியில், 2023 ஆகஸ்டில் பன்னிரண்டாம் வகுப்புப் படித்துவந்த பட்டியல் வகுப்பு மாணவன் ஒருவனை, அவனோடு ஒரே பள்ளியில் படித்த பிள்ளைகளே இரவில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். அவனுடைய தங்கையும் வெட்டுப்பட்டாள். வெட்டிய பிள்ளைகளுக்கு நீதிபோதனை இல்லாமற் போய்விட்டதா? அவர்களும் பாடப் புத்தகத்திலே திருக்குறளை மனப்பாடம் பண்ணியவர்கள்தான். ஆனால் வீட்டிலும் தெருவிலும் டீக்கடையிலும் அவர்களுக்கு வேறொரு பாடம் நாள்தோறும் நடந்துவந்தது. நாம் உயர்ந்தவர், அவன் தாழ்ந்தவன், அவன் நம்மை மிஞ்சலாகாது என்கின்ற பாடம் அது. அதற்கு அவர்கள் கீழ்ப்படிந்தார்கள். பெரியவர்களிடம் கற்றதை அப்படியே செய்து காட்டினார்கள்.

அதன்பேரில் அரசாங்கம் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அவர்களை ஒரு நபர் குழுவாக நியமித்து, அவருடைய அறிக்கை 2024 ஜூனில் கொடுக்கப்பட்டது. ஜாதியைக் காட்டும் வர்ணக் கயிறுகளைப் பிள்ளைகள் கையில் கட்டக் கூடாது, பள்ளிக்கூடப் பெயர்களில் ஜாதிப் பெயர் இருக்கக் கூடாது என்பவை போன்ற பல சிபாரிசுகள் அதில் உண்டு. இவற்றைக் கேட்டு, கயிற்றிலே என்ன இருக்கிறது என்று ஏளனம் செய்தவர்களும் உண்டு. கயிற்றிலே ஒன்றும் இல்லையென்றால், அதை அவிழ்ப்பதற்கு ஏன் இத்தனை கோபம் வருகிறது என்பதே நமது கேள்வி.

ஆகவே, பிள்ளைகள் காதால் கேட்பதைவிடக் கண்ணால் காண்பதிலிருந்தே ஒழுக்கத்தைக் கற்றுக்கொள்ளுகிறார்கள் என்பது விளங்கும். இதற்கும் இந்தச் சீமையிலேயே உதாரணம் இருக்கிறது. அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் பழைய ராமநாதபுரம் ஜில்லாவில் சேர்ந்திருந்த காலத்தில், 1930-ஐ ஒட்டிய வருஷங்களில், ஜில்லா போர்டுத் தலைவராயிருந்தவர் டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன். அன்று பஸ் முதலாளிகள் பலர் ஆதிதிராவிடர்களை வண்டியில் ஏற்ற மறுத்துவந்தார்கள். அவர் எல்லோரும் சமம் என்று ஊர்தோறும் பிரசங்கம் செய்துவிட்டுப் போய்விடவில்லை. ஏற்ற மறுக்கும் பஸ்ஸுக்கு லைசென்ஸ் கிடையாது என்று உத்தரவு போட்டார். மறுத்த வண்டிகளின் கதவு திறந்தது. ஒரே பலகையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போன ஜனங்களைப் பார்த்த பிள்ளைகள், அந்தப் பஸ்ஸில் கற்ற பாடத்தை எந்த நீதி நூலில் கற்றிருக்க முடியும்?

அதுபோலவே, விருதுநகரில் வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்துப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். காமராசர் படித்தது அப்படிப்பட்ட க்ஷத்திரிய வித்தியாசாலையில்தான். உலையில் போடும் அரிசியில் ஒரு பிடியை ஊர்ப் பிள்ளைகளின் படிப்புக்கென்று எடுத்து வைத்த தாயைத் தினமும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, பொதுநலம் என்றால் என்ன என்று தனியாக வகுப்பு நடத்த வேண்டியிருந்திருக்காது.

இதற்கு மாறாக, இன்றைக்கு நமது பிள்ளைகள் வீட்டில் காண்பது என்ன? தேர்தல் வந்தால் ஓட்டுக்குப் பணம் வாங்கி எண்ணிப் பார்க்கிற தகப்பனார். மகனுக்குப் பெண் பார்க்கப் போய்ப் பவுன் கணக்குப் பேசுகிற தாயார். காரியம் முடிய வேண்டுமென்றால் கையில் ஏதாவது வைக்க வேண்டும் என்று புத்தி சொல்லுகிற மாமன். பொய் சொல்லாதே என்று பிள்ளையை அடித்துவிட்டு, கடன்காரன் வாசலில் வந்து நின்றால் அப்பா வீட்டில் இல்லை என்று சொல்லச் சொல்லுகிறவர்களும் நாம்தானே!

திருக்குறளின் அறத்துப்பால், பொருட்பால் இரண்டையும் பள்ளிகளில் கற்பிக்க வேண்டுமென்று 2016-ல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொல்லியது. கற்பிக்கட்டும், நல்லதுதான். அறத்துப்பாலிலே கூடாவொழுக்கம் என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. வெளியிலே ஒரு வேஷமும் உள்ளே வேறொன்றுமாக இருப்பவர்களைப் பற்றியது அது. அந்த அதிகாரத்தை மாத்திரம் பிள்ளைகளுக்கு நடத்துவதற்கு முன்னால் பெரியவர்களுக்கு ஒரு தடவை நடத்தினால் மிகவும் பிரயோஜனமாயிருக்கும்.

அப்படியானால் என்னதான் செய்ய வேண்டும் என்று கேட்பீர்களானால், நாம் சொல்லுவது பெரிய காரியம் ஒன்றுமில்லை. முதலாவது, வகுப்பிலே பிள்ளை “ஏன்?” என்று கேட்டால் அதை அதிகப்பிரசங்கித்தனம் என்று அடக்காமல் காரணம் சொல்ல வேண்டும், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்ல வேண்டும். அதுவே உண்மை பேசுவதற்கு முதல் பாடம். இரண்டாவது, மதியச் சாப்பாட்டின்போது ஜாதிக்கொரு மரத்தடி, தெருவுக்கொரு திண்ணை என்று பிரிந்து உட்காருவது எங்கே இருந்தாலும் அதை உபாத்தியாயர்களே கூட உட்கார்ந்து ஒழிக்க வேண்டும். மூன்றாவது, தகாத பேச்சோ தகாத தொடுதலோ யாரிடமிருந்து வந்தாலும் யாரிடம் சொல்லுவது என்பதைப் பெண்ணுக்கும் பையனுக்கும் தெளிவாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். குழந்தைகளுக்கென்று 1098 என்ற டெலிபோன் எண் இருப்பதும், 2012-ல் வந்த போக்சோ சட்டம் இருப்பதும், கல்லூரிகளில் புகார்க் குழு இருக்க வேண்டுமென்று சட்டம் இருப்பதும் நமது கிராமத்துப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? நீதிபோதனைப் பீரியடில் இதைச் சொன்னால் நீதி குறைந்தா போய்விடும்?

கடைசியாகப் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கேயாவது இம்மாதிரி அக்கிரமம் ஒன்று வெளிப்பட்டால், உடனே “காலம் கெட்டுக் கிடக்கிறது, பெண் படித்தது போதும்” என்று மகளின் படிப்பை நிறுத்திவிடுகிற வழக்கம் நமது கிராமங்களில் இருக்கிறது. குற்றம் செய்தவர் ஒருவர், தண்டனை பெண்ணுக்கா? திருச்சுழிப் பக்கத்திலிருந்து விடியற்காலையில் பஸ் ஏறி அருப்புக்கோட்டைக்குப் படிக்கப் போகிற பெண் ஒவ்வொருத்தியும் அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரியை எட்டிப் பார்க்கிறவளாக இருக்கக்கூடும். அவளை வீட்டில் பூட்டி வைத்தால் ஒழுக்கம் பெருகாது. அக்கிரமக்காரருக்குத் தைரியந்தான் பெருகும். அவள் படிக்கட்டும். தப்பு நடந்தால் வந்து சொல்லட்டும். வந்து சொல்லுகிறபோது, “நீ ஏன் அங்கே போனாய்?” என்று கேட்காமல், “நல்ல காரியம் செய்தாய்” என்று சொல்லுகிற பெற்றோர்களாக நாம் இருக்க வேண்டும்.

பிள்ளைகளிடத்தில் ஒழுக்கம் இல்லை என்று இனி மேடையில் பேசப் போகிறவர்கள், பேசுவதற்கு முன்னால் தங்கள் வீட்டு மகள் தங்களிடத்தில் பயமில்லாமல் முடியாது என்று சொல்லக்கூடுமா என்பதை ஒருமுறை யோசித்துப் பார்க்கட்டும். வீட்டிலே சொல்லப் பழகாத வார்த்தை, வெளியிலே ஆபத்து வரும்போது வாயில் வராது.