ஐந்தாம் வகுப்போடு நிற்கலாமா?

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை ஐந்தாம் வகுப்பில் படிக்கிறதா? அடுத்த வருஷம் எங்கே படிக்கும் என்பதை இன்றே யோசியுங்கள்.

தமிழ்நாட்டு கிராமங்களில் பல துவக்கப் பள்ளிகள் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடுகின்றன. அடுத்த பள்ளி அடுத்த ஊரில். கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை, அதிலும் பெண் பிள்ளை, படிப்பை விட்டுவிடும் அபாயம் இங்கேதான் இருக்கிறது.

2009ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்வது என்ன? ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை இல்லையென்றால், பிள்ளை வேறு சர்க்கார் பள்ளிக்கோ உதவி பெறும் பள்ளிக்கோ மாறலாம், அது உரிமை. மாற்றுச் சான்றிதழைத் தலைமையாசிரியர் உடனே கொடுக்க வேண்டும். அது வரத் தாமதமானாலும் சேர்க்க மறுக்கக் கூடாது.

பரீட்சையைக் காட்டி மிரட்டினால் பணியாதீர்கள். ஐந்தாம் வகுப்புக்குப் பொதுத் தேர்வு என்று 2019ல் தமிழ்நாட்டில் அறிவித்தார்கள். பலத்த எதிர்ப்பு எழுந்தது. 2020 பிப்ரவரியில் வாபஸ் வாங்கினார்கள். 2024 டிசம்பரில் மத்திய சர்க்கார், தன் பள்ளிகளில் ஐந்திலும் எட்டிலும் தவறியவர்களை அதே வகுப்பில் நிறுத்தி வைக்க விதி செய்தது. ஏழைப் பிள்ளைக்கு ‘பெயில்’ என்ற முத்திரை, பட்டறைக்கு வழிகாட்டும் பலகையே. ஆனால் அங்கேயும் இரண்டு மாதத்துக்குள் மறு தேர்வு உண்டு. எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்ற முடியாது.

பள்ளி நிர்வாகக் குழுவில் முக்கால் பங்கு இடம் பெற்றோருக்கு. உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள். அந்த இடத்தைக் காலியாக விடலாமா? கூட்டத்துக்குப் போங்கள், கேள்வி கேளுங்கள். ஆறாம் வகுப்பில் சேராத பிள்ளை ஒன்றுகூட நம் தெருவில் இருக்கக் கூடாது!